லோடு வண்டி இன்சூரன்ஸ்: கட்டுவது நாம், உரிமை யாருக்கு?

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் மாதம் வந்துவிட்டால் நம் ஊர் லாரி ஆபீஸ்களில் ஒரே பேச்சுத்தான் கேட்கிறது. வண்டி ஓடினாலும் கட்ட வேண்டும், நின்றாலும் கட்ட வேண்டும். கட்டிய பணத்தில் ஒரு காசு திரும்பி வந்ததில்லை. கம்பெனிக்காரன் பகற்கொள்ளை அடிக்கிறான். பாபநாசத்திலும் அய்யம்பேட்டையிலும் கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் இதையே கேட்கிறோம். இப்படிச் சொல்பவர்கள் ஐவேளைத் தொழுகையாளிகள்; வாடகையில் ஏமாற்றாதவர்கள்; நெல் மூட்டை ஒன்று குறைந்தாலும் தம் கையிலிருந்து ஈடுகட்டுபவர்கள். அப்படிப்பட்டவர்களே பேசும் பேச்சு என்பதால்தான் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் ஒரு பகுதி நியாயமான குறை. இன்னொரு பகுதியோ, மறுமையில் நமக்கெதிராகச் சாட்சி சொல்லக்கூடிய ஒரு மறதி.

பாலிசித் தாளில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. பலரும் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார்கள். ஒன்று, நம் வண்டிக்கு வரும் சேதத்திற்கானது. அதன் விலையைக் கம்பெனிகள் தாமே வைக்கின்றன; பேரம் பேசலாம், கம்பெனியை மாற்றலாம். மற்றது ‘தேர்டு பார்ட்டி’. நம் வண்டியால் பிறருக்கு நேரும் மரணம், காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கானது. இதன் விலையை எந்தக் கம்பெனியும் தன் விருப்பத்திற்குக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. மத்திய அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு மொத்த எடை 7,500 கிலோ வரை ஆண்டுக்கு 16,049 ரூபாய். 12,000 கிலோ வரை 27,186. 20,000 கிலோ வரை 35,313. 40,000 கிலோ வரை 43,950. அதற்கு மேல் 44,242. மொத்த எடை என்பது வண்டியும் சரக்கும் சேர்ந்து ஆர்.சி.யில் எழுதப்பட்டிருக்கும் எடை. அப்படிப் பார்த்தால் குட்டி யானை முதல் வகுப்பில் வரும். ஆறு சக்கர லாரி 35,313 ரூபாயிலும் பத்துச் சக்கர லாரி 43,950 ரூபாயிலும் வரும்.

இதன்மேல் ஜி.எஸ்.டி. உண்டு. தொடக்கத்தில் 18 சதவீதமாக இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் 12 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகக் குறைந்தது. வண்டிச் சேதத்திற்கான பகுதிக்கு இன்றும் 18 சதவீதம்தான். வரியைச் சேர்த்தால் தேர்டு பார்ட்டிக்கு மட்டும் குட்டி யானைக்காரர் ஏறக்குறைய 16,850 ரூபாயும், பத்துச் சக்கர லாரிக்காரர் 46,150 ரூபாயும் கட்டுகிறார்கள். நாள்கணக்கில் பிரித்தால் முன்னவருக்கு 46 ரூபாய், பின்னவருக்கு 126 ரூபாய். டீசல், டயர், சுங்கச்சாவடி, எஃப்.சி., டிரைவர் படி, மாதத் தவணை என்று அடுக்கிப் பார்ப்பவருக்கு இது சின்னத் தொகை இல்லை என்பதை நாம் அறிவோம். குறுவை அறுவடையில் இரண்டு மாதம், சம்பா அறுவடையில் இரண்டு மாதம் கொள்முதல் நிலையத்திலிருந்து சிப்பம் ஏற்றி நடை அடித்து, மற்ற மாதங்களில் செங்கலும் தேங்காயும் தேடி அலையும் வண்டிக்கு இது பெரிய பாரம்தான்.

ஆனால் அந்தப் பாரத்திற்கு மறுபக்கத்தில் என்ன இருக்கிறது?

முப்பத்திரண்டு வயதுக் கொத்தனார் ஒருவர். மாத வருமானம் 12,000 ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது லாரி மோதி இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம், அல்லாஹ் காப்பானாக. அவருடைய குடும்பத்திற்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மனம்போனபடி முடிவு செய்வதில்லை. சரளா வர்மா வழக்கில் 2009-இலும் பிரணய் சேத்தி வழக்கில் 2017-இலும் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,44,000. நாற்பது வயதுக்கு உட்பட்டவர், சொந்தத் தொழில் செய்பவர் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 2,01,600. நான்கு பேரைத் தாங்கியவர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கைக் கழித்தால் 1,51,200. அவர் வயதுக்குரிய பெருக்கும் எண் 16. பெருக்கினால் 24,19,200 ரூபாய். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தாய்க்கும் துணையிழந்ததற்கான தொகை, அடக்கச் செலவு ஆகியவற்றைச் சேர்த்தால் 26 லட்சத்தைத் தாண்டும்.

இந்தத் தொகையை முழுவதுமாகக் கட்ட, பத்துச் சக்கர லாரிக்காரர் ஏறக்குறைய 59 ஆண்டுகள் பிரீமியம் கட்ட வேண்டும். குட்டி யானைக்காரர் 160 ஆண்டுகளுக்கு மேல் கட்ட வேண்டும். ஒரே ஓர் உயிருக்கு இது. ‘கட்டிய பணம் திரும்பி வந்ததில்லை’ என்று குறைப்படும் சகோதரர், அது திரும்பி வராத ஒவ்வோர் ஆண்டுக்கும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லக் கடமைப்பட்டவர். அந்தப் பணம் வெளியே வருகிறது என்றால் எங்கோ ஒரு வீட்டில் மய்யித்து கிடக்கிறது என்று பொருள்.

அப்படி எங்கோ நடக்கிறது என்றும் நாம் சொல்ல முடியாது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் தமிழ்நாட்டின் கணக்கு 17,884. 2024 ஜூலையில் தஞ்சை–திருச்சி நெடுஞ்சாலையில் வளம்பக்குடி அருகே, சமயபுரத்திற்கு நடந்து சென்ற பக்தர்கள்மீது சரக்கு வாகனம் மோதி ஐந்து பேர் உயிரிழந்ததை நம் மாவட்டம் மறந்திருக்காது. நம் டெல்டாச் சாலைகள் நடப்பவர்களின் சாலைகள். சமயபுரத்திற்கு நடப்பார்கள், வேளாங்கண்ணிக்கு நடப்பார்கள், நாகூருக்கு நடப்பார்கள். வயலுக்குப் போகும் பெண்கள் விடியற்காலை இருட்டில் சாலையோரம் வரிசையாகப் போவார்கள். அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். மீதிப் பாதியில்தான் லாரியும் சைக்கிளும் ஆடும் மாடும் பள்ளிப் பிள்ளைகளும். இதே ஊரில் ஓடும் 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான காருக்குத் தேர்டு பார்ட்டி 3,416 ரூபாய்தானே என்று கேட்கிறார்கள். கார் மோதினால் கால் முறிந்தவன் பிழைப்பான். இருபத்தைந்து டன் லாரியின் சக்கரத்தில் சிக்கியவன் பிழைப்பதில்லை. கார் வாரத்தில் இரண்டு நாள் ஜவுளிக் கடைக்கும் கல்யாணத்திற்கும் போகிறது. லாரி இரவு பகலாக ஓடுகிறது. விலையின் வித்தியாசத்திற்கு முதற்காரணம் அதுதான்.

குறை சொல்வதற்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. உரக்கவே சொல்ல வேண்டியது இருக்கிறது. இரண்டு டன்னைக்கூட எட்டாத குட்டி யானையையும் ஏழரை டன் வண்டியையும் ஒரே வகுப்பில் போட்டு ஒரே 16,049 ரூபாயை வாங்குவது என்ன நீதி? மேல்தட்டிலோ 40 டன் வண்டிக்கும் அதற்கு மேற்பட்ட பெரும் வண்டிக்கும் வித்தியாசம் வெறும் 292 ரூபாய். ஒற்றை வண்டி வைத்துத் தானே ஓட்டிப் பிழைப்பவன்மீது சுமை அதிகமாகவும், பெரும் கப்பல்போன்ற வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருப்பவன்மீது குறைவாகவும் விழுகிறது. அடுத்த அநியாயம், இருபது ஆண்டுகள் ஒரு கோழியைக்கூட மோதாமல் ஓட்டியவருக்கும், சென்ற மாதம் குடித்துவிட்டு ஓட்டி ஓர் உயிரைப் பறித்தவருக்கும் தேர்டு பார்ட்டியில் ஒரே விலை. விபத்தில்லா ஆண்டுகளுக்கான சலுகை இருக்கிறதே என்பீர்கள். 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகும் அந்தச் சலுகை, வண்டிச் சேதப் பகுதிக்கு மட்டுமே உரியது. பிறர் உயிரைப் பேணியதற்கு ஒரு ரூபாய்கூடச் சலுகை கிடையாது.

2018 ஜூலை 20 அன்று தொடங்கி நாடு முழுவதும் லாரிகள் எட்டு நாட்கள் நின்றன. டீசல் விலையோடு தேர்டு பார்ட்டிக் கட்டணமும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. அதே ஆண்டின் இறுதியில்தான் வரி 18-இலிருந்து 12-ஆகக் குறைக்கும் முடிவு வந்தது. ஆகவே சங்கமாக நின்று கேட்டால் பயன் உண்டு. ஆனால் நம்மில் எத்தனை பேர் இந்த எடை வகுப்பைப் பிரிக்கச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கிறோம்? டீக்கடைப் பெஞ்சில் கம்பெனியைத் திட்டுவதோடு நம் போராட்டம் முடிந்துவிடுகிறது. அதுவும், விலை வைக்காத கம்பெனியை.

வண்டிச் சேதப் பகுதியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்றம் அங்கேதான் அதிகம். ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று நம்பிக் கட்டுகிறோம். வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைக்கப்பட்டே எழுதப்படுகிறது. ஐந்தாம் ஆண்டின் முடிவில் பாதிதான். டயர், பேட்டரி, பிளாஸ்டிக் பாகங்கள் மாற்றினால் பாதி விலைதான் தருவார்கள். இவையெல்லாம் ஓரளவு பலருக்குத் தெரிந்தவை. தெரியாதது வேறு. சரக்கு வண்டிப் பாலிசியில் விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், பெயிண்ட் ஆகியவற்றின் சேதம், வண்டி முழுவதும் அழிந்தாலொழிய, சேராது. அவை சேர வேண்டுமானால் ‘ஐ.எம்.டி. 23’ என்ற பிரிவைக் கேட்டு, சேதப் பகுதிப் பிரீமியத்தில் 15 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். குறைந்த விலைக்குப் பாலிசி போட்டுத் தருகிறேன் என்று வரும் ஏஜெண்ட் முதலில் உருவுவது இந்த ஒன்றைத்தான். கும்பகோணம் சாலையில் ஒரு புளியமரத்தில் மூக்கை மோதிக்கொண்ட பிறகுதான் அது தெரியவரும். மழையில் நனைந்த நெல்லுக்கும் இந்தப் பாலிசி ஒரு பைசா தராது. சரக்குக்கு வேறு காப்பீடு. பாலிசியை வாங்கும்போதே படிக்காமல் பிறகு கம்பெனியைச் சபிப்பதில் பொருளில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்துக்கொள்ளுமாறு அல்பகராவின் மிக நீண்ட வசனம் கட்டளையிடுகிறது. எழுதியதைப் படிக்காமலிருக்கும் சமுதாயமாக நாம் ஆகிவிடக் கூடாது.

இனி, இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழும் மார்க்கக் கேள்விக்கு வருவோம். இன்சூரன்ஸே ஹராம்தானே, பிறகென்ன அதன் விலையைப் பற்றி விவாதம் என்று கேட்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கேள்வி இலேசானது அல்ல. வணிகக் காப்பீட்டில் நிச்சயமின்மை இருக்கிறது என்று 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி முடிவு செய்தது. கூட்டுறவு முறைக் காப்பீட்டை மாற்று வழியாகக் காட்டியது. அதை நாம் மறுக்கவில்லை. அதே வேளை, சட்டம் கட்டாயமாக்கிய, வேறு வழியே இல்லாத இடத்தில் தேர்டு பார்ட்டி எடுப்பதற்கு ஆலிம்கள் இடமளித்திருக்கிறார்கள் என்பதையும் அனைவரும் அறிவர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு அந்தக் கட்டாயத்தை விதிக்கிறது.

நம்மை வியக்கவைப்பது வேறொன்று. இன்சூரன்ஸில் வட்டி கலந்திருக்கிறது என்று பாலிசியைக் காலாவதியாக விடும் சிலர், அந்த வண்டியையே வட்டிக் கடனில்தான் வாங்கியிருக்கிறார்கள். தனக்கு வண்டி கிடைக்கும் இடத்தில் வட்டி கண்ணில் படவில்லை. பிறருடைய விதவைக்கு இழப்பீடு போய்ச் சேரும் இடத்தில் மட்டும் பட்டுவிட்டது. இதைப் பேணுதல் என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

தவக்குல் போதாதா என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். தன் ஒட்டகத்தைக் கட்டாமல் விடுவது அவனவன் நட்டம். நாம் பேசுவது, நம் ஒட்டகம் அவிழ்ந்து போய் அடுத்தவரை மிதித்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் மற்றவரின் விளைநிலத்தில் மேய்ந்துவிட்ட வழக்கையும், அதில் தாவூத் (அலை), சுலைமான் (அலை) ஆகிய இரு நபிமார்களும் தீர்ப்பளித்ததையும் அல்அன்பியா அத்தியாயம் கூறுகிறது. ஆட்டுக்காரர் வேண்டுமென்று செய்யவில்லை என்பதால் வயல்காரரின் உரிமை அழிந்துவிடவில்லை. பயிர் போட்டவனுக்கு அந்த நியாயம் எவ்வளவு அருமையானது என்பதை டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உயிருக்கோ இன்னும் கடுமையான சட்டம். தவறுதலாக ஒரு மூமினைக் கொன்றவருக்கு அந்நிஸா அத்தியாயம் இரண்டு கடமைகளை விதிக்கிறது. இறந்தவரின் குடும்பத்திற்குத் தியத் என்னும் ஈட்டுத்தொகை, கொன்றவர்மீது கஃப்பாரா. உடன்படிக்கை செய்துகொண்ட பிற சமூகத்தைச் சேர்ந்தவர் இறந்தாலும் இவ்விரண்டையும் அதே வசனம் கடமையாக்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வளம்பக்குடியில் இறந்தவர்கள் யார், எந்தக் கோயிலுக்குப் போனார்கள் என்பதெல்லாம் அந்தக் கடமையை மாற்றாது. முழுத் தியத் நூறு ஒட்டகங்கள். ஒரு தனிமனிதன் தாங்கக்கூடிய தொகையா அது? இல்லை. அதனால்தான் தவறுதலான கொலையில் அந்தத் தொகையைக் கொன்றவன் தனித்துச் சுமக்காமல், ‘ஆகிலா’ எனப்படும் அவனுடைய உறவுக்கூட்டம் பங்கிட்டுச் சுமக்க வேண்டும், மூன்று ஆண்டுகளில் கொடுத்து முடிக்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் வகுத்தன. ஆகிலாவும் இன்றைய தேர்டு பார்ட்டியும் ஒன்று என்று நாம் சொல்ல வரவில்லை. ஒன்று உறவின் கடமை, மற்றது வியாபாரம். ஆனால் பலர் சிறிது சிறிதாகச் சுமந்து ஒரு குடும்பத்திற்கு நீதி செய்யும் ஏற்பாடு நமக்கு அந்நியமானது அல்ல. இன்று ஆகிலா எங்கே இருக்கிறது? பெரியப்பா மகன் துபாயில், மாமா மகன் கோலாலம்பூரில், சகோதரன் தனிக் குடித்தனத்தில். 26 லட்சத்தைச் சுமக்க யார் வருவார்கள்? அந்த இடம் காலியாக இருக்கும்வரை, பாலிசியைக் காலாவதியாக விட்டவன் உண்மையில் இறந்தவரின் அனாதைப் பிள்ளைகளுக்குத்தான் கையை விரிக்கிறான்.

கஃப்பாரா எந்தப் பாலிசியிலும் அடங்காது என்பதையும் டிரைவர் தம்பிகள் நினைவில் வைக்க வேண்டும். கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டது என்பதோடு கணக்கு முடிந்துவிடவில்லை.

பிரீமியம் கட்டாதவர்களைவிட நமக்கு அதிகக் கவலை தருபவர்கள், முழுவதும் கட்டிவிட்டு அதைத் தம் கையாலேயே வெற்றுத்தாளாக்குபவர்கள். நடவுக் காலத்தில் நம் சாலைகளில் நின்று பாருங்கள். குட்டி யானையின் பின்னால் இருபது பெண்கள், கம்பியைப் பிடித்து நின்றபடி. களை பறிக்கப் போகிறார்கள், அறுவடைக்குப் போகிறார்கள். நம் வீட்டுக் கல்யாணத்திற்கும் வலீமாவிற்கும் பக்கத்து ஊர் ஜனாஸாவிற்கும் நாமே லோடு வண்டியில் ஆளேற்றிப் போகிறோம். சிறு பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் தார்ப்பாயின் கீழே. ‘இன்சூரன்ஸ் இருக்கிறதே’ என்று உரிமையாளர் தைரியமாக இருக்கிறார்.

இல்லை. அந்தப் பெண்களுக்கு இல்லை. சரக்கு வண்டியில் ஏற்றப்படும் பயணிகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரிலேயே தீர்ப்பளித்துவிட்டது. தன் நெல் மூட்டையோடு கூடவே வரும் மிராசுதாருக்கும் அவர் அனுப்பிய ஆளுக்கும் காப்பு உண்டு. அந்த நெல்லை நட்டு, களை பறித்து, அறுத்த பெண்ணுக்கு இல்லை. சட்டத்தின் இந்த வரிசையைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது. ஆனால் சட்டம் அதுதான். வண்டி வாய்க்காலில் கவிழ்ந்தால், கூலிக்குப் போன அந்த ஏழைக் குடும்பங்களுக்கான முழு இழப்பீடும் வண்டிக்காரர் தலையில் விழும். சில வழக்குகளில் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு நீதிமன்றம் கூறியிருக்கிறது. அப்போதும் கடன் நம்முடையதே.

‘முதலில் கொடு, பிறகு வசூலித்துக்கொள்’ என்ற இதே வழி, வேறு மீறல்களுக்கும் திறந்திருக்கிறது. காலாவதியான லைசென்ஸ், போலி லைசென்ஸ், பெர்மிட் இல்லாத வண்டி என்று நிரூபணமானால், இறந்தவர் குடும்பத்திற்குக் கம்பெனி கொடுத்துவிட்டு உரிமையாளர்மீது திரும்பும். 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் இந்த முறை உறுதியானது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம், தனி ‘பேட்ஜ்’ தேவையில்லை என்று 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது குட்டி யானைக்காரர்களுக்கு ஒரு நிம்மதி. ஆறு சக்கர லாரிக்கு அந்த நிம்மதி இல்லை. மச்சானிடம் சாவியைக் கொடுத்து ‘ஒரு நடை அடித்துவிட்டு வா’ என்று அனுப்புபவர்கள் இதை அறிய வேண்டும். வசூல் எப்படி நடக்கும் என்பதையும் அறிய வேண்டும். தீர்ப்பாயம் சான்று கொடுத்தால், நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல் கலெக்டர் வசூலிக்கலாம் என்று சட்டத்தின் 174-ஆம் பிரிவு சொல்கிறது. வாப்பா விட்டுச்சென்ற நன்செய் நான்கு மாவும் போகும்.

நிலம் போனாலும் பரவாயில்லை; அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. கடன்பட்ட நிலையில் இறந்தவரின் ஜனாஸாத் தொழுகையை ஆரம்ப நாட்களில் நபி (ஸல்) அவர்கள் தாம் நடத்தாமல் தோழர்களிடம் விட்டதையும், ஒரு தோழர் அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே முன்னின்று தொழவைத்ததையும் ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த முறை 4,000. பதினாறாயிரத்தைவிட அது மலிவு என்று கணக்குப் போடும் மூளை, இந்தக் கடனை எந்தப் பத்தியில் எழுதுகிறது?

மஹல்லா ஜமாஅத்துகளிடமும் நாம் கேட்கிறோம். வட்டியில்லாக் கடன் கொடுக்கும் பைத்துல்மால்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. கல்விக்கும் மருத்துவத்திற்கும் சிறு தொழிலுக்கும் கொடுக்கிறார்கள். அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஒற்றை வண்டிக்காரரின் பிரீமியத்திற்குப் பத்து மாதத் தவணையில் அப்படி ஒரு கடன் ஏன் கூடாது? இன்று அவர் அந்தப் பதினேழாயிரத்தைத் தண்டல்காரனிடம் வாங்குகிறார், அல்லது பாலிசியை இரண்டு மாதம் காலியாக விட்டு ஓட்டுகிறார். இரண்டுமே மஹல்லாவின் கண்முன்தான் நடக்கின்றன. நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போது, மாப்பிள்ளை வீட்டார் லோடு வண்டியில் ஆளேற்றி வரக்கூடாது என்று ஒரு வரி எழுதி வாங்கினால் அதற்குப் பைத்துல்மால் பணமும் தேவைப்படாது. ஒரு வேனுக்கான வாடகை, வலீமாவின் ஒரு சஹன் பிரியாணியைக் குறைத்தால் கிடைத்துவிடும்.

தகாஃபுல் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்புவோர்க்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மலேசியா 1984-லேயே தனிச் சட்டம் இயற்றியது. அங்கே உழைக்கும் நம் மக்கள் பலர் தங்கள் கார்களுக்குத் தகாஃபுல் எடுத்து ஓட்டுகிறார்கள். இந்தியாவில் அதற்குரிய சட்ட ஏற்பாடு இல்லை. வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. கேட்போம். ஆனால் வட்டியும் சூதும் நீங்கிய தகாஃபுலிலும் கொத்தனார் குடும்பத்தின் 26 லட்சம் 26 லட்சமாகவே இருக்கும். சாலையில் எத்தனை பேர் இறக்கிறார்களோ, அத்தனை குடும்பங்களுக்கும் உரியதை உறுப்பினர்களின் பங்களிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். விலை குறைய வேண்டுமானால் சாவு குறைய வேண்டும். அதற்கு ஷரீஅத் வாரியம் தேவையில்லை, கொள்முதல் நிலைய வரிசையில் இரண்டு இரவு விழித்திருந்த டிரைவரைத் தூங்கவிட்டால் போதும்.

தை பிறந்தால் சம்பா அறுவடை. சிப்பங்களை ஏற்ற லாரிகள் கொள்முதல் நிலையங்களின் முன் வரிசை கட்டி நிற்கப்போகின்றன. அதற்கு முன் இந்த வாரமே, வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பாலிசித் தாளை எடுத்து முடியும் தேதியைப் பாருங்கள், ஐ.எம்.டி. 23 எழுதியிருக்கிறதா, டிரைவர், கிளீனருக்கான பொறுப்பு சேர்ந்திருக்கிறதா, தானே ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எடை வகுப்பைப் பிரித்து, இரண்டு டன்னுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத் தனிக் கட்டணம் வைக்குமாறு கேட்கும் மனுவை லாரி உரிமையாளர் சங்கங்கள் எழுதினால், அதில் கையெழுத்திட நம் ஜமாஅத்துகளும் முன்வர வேண்டும். நாளை விடியலில் நடவுக்குப் பெண்களை ஏற்றிவரச் சொல்லி மிராசுதார் போன் செய்தால், ‘வண்டி வரும் ஐயா, ஆனால் நாற்றுக்கட்டு மட்டும்தான் ஏற்றுவோம்’ என்று சொல்லிவிடுங்கள்.